மாதபா வரைபடம், நேபோ மலை, யோர்தான் கரை: ஒரு நாள் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

ஜோர்தான் நாட்டின் தலைநகரான அம்மானிலிருந்து காலையில் புறப்பட்டு, மாதபா ஊரில் கற்சில்லுகளால் பதித்த மொசைக் ஓவியங்களையும், மோசே கானான் தேசத்தைக் கண்ட நேபோ மலையையும், இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமாகப் போற்றப்படும், யோர்தான் நதியின் அல்-மக்தஸ் கரையையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எந்த வரிசையில் போனாலும் ஒன்றுதான் என்று வண்டி ஓட்டுபவர்கள் சொல்வார்கள். அது சரியன்று. முதலில் மாதபா, அடுத்து நேபோ, கடைசியில் நதி என்ற வரிசையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மாதபாவில் ஒரு தேவாலயத்தின் தரையில் 6ஆம் நூற்றாண்டில் பதித்த புனித நாட்டின் வரைபடம் இருக்கிறது. அந்த வரைபடத்தில் உள்ள நிலம் நேபோ மலையின் விளிம்பில் நின்றால் கண்முன் விரிகிறது. அதே நிலத்துக்குள் வளைந்து வளைந்து இறங்கும் சாலைதான் உங்களை நதியில் கொண்டுபோய் விடுகிறது.

முதன்முறை நான் சென்றபோது வரிசை தலைகீழாகிவிட்டது. வண்டிக்காரர் நதிக்கு முதலில் அழைத்துப்போனார். திரும்பும் வழியில் ஒரு விற்பனைக் கூடத்தில் வண்டியை நிறுத்தியதில் ஒரு மணி நேரம் கழிந்தது. மாதபாவை அடைந்தபோது தேவாலயக் கதவு சாத்தியிருந்தது. பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானதைப் பார்க்காமலேயே ஊர் திரும்பிய அந்த வருத்தம் இதைப் படிப்பவர்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன்

நாளைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. மாதபாவின் வரைபடம் இருக்கும் புனித ஜார்ஜ் தேவாலயம் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையினர் இன்றும் வழிபடுகிற கோயில். ஞாயிறு காலையில் அங்கே திருப்பலி நடக்கும், அது முடியும் வரை சுற்றிப் பார்க்க வருபவர்கள் காத்திருக்க வேண்டும். வெள்ளியும் சனியும் அந்நாட்டின் வார விடுமுறை நாட்களாதலால் வெள்ளிக்கிழமை உள்ளூர்க் குடும்பங்களின் கூட்டம் சவக்கடல் சாலையில் மிகுதி. ஆகவே திங்கள் முதல் வியாழன் வரையுள்ள நாட்களில் ஒன்றைக் கொள்ளுங்கள். மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் தட்பவெப்பம் இதமாக இருக்கும். கோடையில் நதிப் பள்ளத்தாக்கு 40 பாகை செல்சியஸைத் தாண்டிச் சுடும். குளிர்காலத்தில் நேபோ மலையில் காற்று எலும்பைத் துளைக்கும், சில நாட்களில் மூடுபனி காட்சியை முழுவதும் மறைத்துவிடும்.

வண்டி கட்டாயம் தேவை. அம்மானிலிருந்து மாதபாவுக்கு மினிபஸ்கள் ஓடுகின்றன. சுமார் 30 கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் மாதபாவைத் தாண்டி மலைக்கும் நதிக்கும் பேருந்தை நம்பிப் போனால் ஒரு நாள் போதாது. தங்கும் விடுதியின் வழியாகவோ நேரடியாகவோ ஒரு டாக்சியை நாள் முழுவதற்கும் பேசிக்கொள்ளலாம். பேசும்போது மூன்று இடங்களின் பெயரையும் அவற்றின் வரிசையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, காத்திருப்பு நேரமும் சேர்த்து மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்டு முடிவுசெய்யுங்கள். வழியில் கடைகளில் நிறுத்த வேண்டாம் என்பதையும் அப்போதே, மரியாதையாக, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாதபாவிலிருந்து நேபோ போகும் சாலையில் மொசைக் விற்கும் கூடங்கள் வரிசையாக உண்டு. வாங்கும் விருப்பம் உள்ளவர்கள் நேரத்தை அளந்து ஓரிடத்தில் மட்டும் இறங்கலாம். குழுவாகப் போவதைவிடத் தனியே போக விரும்புவோர் முந்தின இரவே மாதபாவில் தங்கிவிடுவதும் நல்ல ஏற்பாடு. அம்மான் நகருக்குப் போவதைக் காட்டிலும் விமான நிலையத்திலிருந்து மாதபா கிட்டத்தில் இருக்கிறது. நகர நெரிசலும் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு ஜோர்தான் தினார் ஏறக்குறைய 1.41 அமெரிக்க டாலர். நாட்டுக்குள் வருமுன் ஜோர்தான் பாஸ் என்ற சுற்றுலா அனுமதிச்சீட்டை வாங்கியிருந்தால், குறைந்தது மூன்று இரவுகள் தங்குபவர்களுக்கு விசாக் கட்டணம் இல்லை. மாதபாவின் தொல்லியல் பூங்காவும் அதில் அடங்கும். வரைபடத் தேவாலயமும் நேபோவும் திருச்சபைகளின் பொறுப்பில் இருப்பதால் அங்கே தனியாகச் சிறு கட்டணம் செலுத்த வேண்டும்; அல்-மக்தஸுக்கும் கட்டணம் தனி, அது மற்ற இரண்டையும் விடக் கணிசமாகக் கூடுதல். ஒரு தினார், ஐந்து தினார் தாள்களைக் கையில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை விடுதியில் விட்டுவிட்டு வராதீர்கள்: நதியும் சவக்கடலும் எல்லைப் பகுதி, சாலையில் சோதனைச் சாவடிகள் உண்டு.

தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை, வழுக்காத செருப்பு அல்லது ஷூ, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இவற்றோடு ஒரு சிறிய பைனாகுலரையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் பயன்படுவதைப் போலவே கயிற்றுக்கு அப்பாலிருக்கும் மொசைக்கைப் பார்க்கவும் அது உதவும். ரமலான் மாதமாக இருந்தால் பகலில் பொது இடத்தில் உண்பதையும் பருகுவதையும் தவிர்ப்பது மரியாதை.

கடைசியாக, பெயர்கள். தமிழ் வேதாகமத்தில் படித்த பெயரை வழிகாட்டிப் பலகையில் தேடினால் கிடைக்காது. நம் வேதாகமத்தில் மேதெபா என்று வருவதுதான் மாதபா. நேபோ மலையை உள்ளூரில் சியாகா என்றும் சொல்வார்கள். ஞானஸ்நான இடத்தைப் பலகைகளில் பாப்டிசம் சைட் என்றோ அல்-மக்தஸ் என்றோ எழுதியிருக்கும். மூழ்கும் இடம் என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். இதில் நமக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. யோவான் நற்செய்தி முதல் அதிகாரம் 28ஆம் வசனத்தைப் புரொட்டஸ்டண்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் பார்த்தால் யோவான் ஞானஸ்நானம் கொடுத்த இடம் ‘பெத்தாபரா’ என்றிருக்கும். பொது மொழிபெயர்ப்பில் ‘பெத்தானியா’ என்றிருக்கும். இரண்டும் மூலப் படிகளிலேயே உள்ள வேறுபாடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாதபாவின் தரையில் இந்தப் பெயர் மறுபடி வரும்.

மாதபா: வரைபடத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்

அம்மானிலிருந்து ஏழரை மணிக்குக் கிளம்பினால் எட்டேகால் மணிவாக்கில் மாதபாவில் இருக்கலாம். பேருந்துக் குழுக்கள் வந்து இறங்குவதற்கு முன் கிடைக்கும் அந்த அரை மணி நேரம் பொன்னானது.

மொசைக் என்றதும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் வீடுகளில் சலவைக்கல் பொடிச் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து இழைத்த தரை நினைவுக்கு வரும். இது வேறு. தரையைக் கெட்டிப்படுத்தி, கல்லும் சுண்ணாம்பும் கலந்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலடுக்கின் சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே, சிறு சதுரங்களாக உடைத்த பல நிறக் கற்சில்லுகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பதித்து உருவாக்கிய ஓவியம் இது. கல்லின் இயற்கை நிறமே ஓவியத்தின் நிறம் என்பதால் 1,400 ஆண்டுகளுக்குப் பிறகும் சிவப்பு சிவப்பாகவே நிற்கிறது.

தேவாலயத்துக்குள் நேராக நுழையாமல், நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தையொட்டி வரைபடத்தின் பெரிய படம் வைத்திருக்கும் இடத்தில் முதலில் பத்து நிமிடம் நில்லுங்கள். வழிகாட்டிகள் விளக்கம் சொல்வது அங்கேதான். உள்ளே வழிபாட்டுத் தலம் என்பதால் உரக்கப் பேச விடமாட்டார்கள். அங்கே ஊர்களின் இருப்பிடத்தை மனத்தில் பதித்துக்கொண்டால்தான் உள்ளே தரையில் உள்ளது கண்ணுக்குப் பிடிபடும்.

இப்போது நிற்கும் கட்டடம் 1896இல் கட்டி முடிக்கப்பட்டது. 749ஆம் ஆண்டின் பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு படிப்படியாகக் கைவிடப்பட்டுப் பாழடைந்திருந்த மாதபாவில், 1880வாக்கில் கராக் நகரிலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து குடியேறின. வீடு கட்ட அவர்கள் மண்ணைத் தோண்டிய இடமெல்லாம் பழைய தேவாலயங்களின் தரை வெளிப்பட்டது. 1884இல் தென்பட்ட இந்த வரைபடத்தின் மேலேயே புதிய கோயில் எழுந்தபோது அதன் சில பகுதிகள் சிதைந்தும் போயின. முதலில் இரண்டு மில்லியனுக்கும் மேற்பட்ட சில்லுகளால் ஆனதென்று கணக்கிடப்படும் அந்த ஓவியத்தில் இன்று நாம் காண்பது ஒரு பகுதியே. புனித நாட்டைக் காட்டும் வரைபடங்களில், மூலமாகவே எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுவே.

உள்ளே சென்றதும் பலிபீடத்தை நோக்கி நில்லுங்கள். இது மிக முக்கியம். நாம் பழகிய வரைபடங்களில் மேலே இருப்பது வடக்கு. இங்கே மேலே இருப்பது கிழக்கு. உங்கள் இடக்கைப் பக்கம் வடக்கு, வலக்கைப் பக்கம் தெற்கு, காலடியில் மேற்கு. இந்தத் திசை பிடிபட்டுவிட்டால், இடப்பக்கமிருந்து வலப்பக்கமாக ஓடிவரும் நீர்க்கோடு யோர்தான் என்றும், அது போய்ச் சேரும் நீண்ட நீர்ப்பரப்பு சவக்கடல் என்றும் தாமாகவே புரியும்.

சவக்கடலில் இரண்டு படகுகள் மிதக்கின்றன. படகோட்டிகளை உற்றுப் பாருங்கள்: அவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் உருவமற்ற சில்லுக்கூட்டமே இருக்கும். உயிருள்ளவற்றின் உருவங்கள் கூடாது என்ற எண்ணம் மேலோங்கிய 8ஆம் நூற்றாண்டில் இப்பகுதியின் பல மொசைக்குகளில் முகங்கள் இப்படி நீக்கப்பட்டன. ஆனால் கடப்பாறையால் கொத்திவிட்டுப் போகவில்லை. சில்லுகளைப் பெயர்த்தெடுத்து, பள்ளம் தெரியாமல் திரும்பப் பதித்திருக்கிறார்கள். அந்தத் தரையை நேசித்தவர்களின் கைவேலை போலவே எனக்குப் படுகிறது.

படகிலிருந்து கண்ணை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினால் நதி கடலில் கலக்கும் இடம் வரும். அதற்குச் சற்று முன்னால் ஒரு மீன், உப்பு நீரைக் கண்டு திரும்பி, நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிறது. சவக்கடலில் எந்த மீனும் வாழாது என்ற செய்தியைப் பதித்தவர் ஒரு சிறு மீனின் திருப்பத்தில் சொல்லிவிட்டார். வரைபடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்; பைனாகுலர் கொண்டுவரச் சொன்னதும் இதற்காகவே. நதியின் மறுபுறம் ஒரு மான் விரைந்தோடுகிறது, அதைத் துரத்தும் சிங்கத்தின் உருவம் ஏறக்குறைய முழுவதும் அழிந்திருக்கிறது. நதியைக் கடக்கும் படகுத்துறையும் இருக்கிறது. நதிக்கு இப்பால், பேரீச்ச மரங்கள் சூழ எரிகோ. சவக்கடலின் வலக்கோடியில், அங்கும் பேரீச்ச மரங்களுடன், சோவார்.

இனி, காலடிப் பக்கம் எருசலேம். எல்லா ஊர்களையும் சிறு கோபுரமாகவோ சிறு வாசலாகவோ காட்டிய கலைஞர், இந்த நகரத்தை மட்டும் முட்டை வடிவில், மதிலும் வாசலும் தெருவுமாகப் பெரிதாக வரைந்திருக்கிறார். இடக்கோடியில் தமஸ்கு வாசல். அதன் உட்புறத் திடலில் தனியாக ஒரு தூண். அந்தத் தூண் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும் அரபு மக்கள் அந்த வாசலை இன்றும் தூண் வாசல் என்றே அழைக்கிறார்கள். அங்கிருந்து நகரின் குறுக்கே இருபுறமும் தூண்வரிசையோடு ஒரு பெருந்தெரு ஓடுகிறது. அதன் நடுவில், கீழ்நோக்கித் தலைகீழாகத் தெரியும் செந்நிறக் கூரையும் பொன்னிறக் குவிமாடமுமே இயேசுவின் கல்லறைத் தேவாலயம். இந்த வரைபடத்தை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது: 1970களில் எருசலேமின் யூதக் குடியிருப்பில் அகழ்ந்தபோது அந்தத் தூண்வரிசைத் தெரு வெளிப்பட்டது. 542இல் அர்ப்பணிக்கப்பட்ட புதிய மரியாள் தேவாலயமும் வரைபடத்தில் இருப்பதால், அந்த ஆண்டுக்குப் பிறகே இது பதிக்கப்பட்டது என்றும் தெரிகிறது.

தேவாலயத்தை விட்டுப் போகுமுன் யோர்தானுக்குத் திரும்பி ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நதியின் மேற்குக் கரையில் கிரேக்க எழுத்தில் பெத்தாபரா. நதிக்கு அப்பால் கிழக்குக் கரையில் ‘அயினோன், இப்போது சப்சபாஸ்’. இன்று பிற்பகல் நீங்கள் போய் நிற்கப்போவது இந்தக் கிழக்குக் கரையில்.

மற்ற தரைகள்

ஐந்து நிமிட நடையில் தொல்லியல் பூங்கா. கன்னி மரியாள் தேவாலயமும் அதன் அடியில் கிடைத்த இப்போலிட்டஸ் மண்டபமும் இங்கே உள்ளன. 6ஆம் நூற்றாண்டில் ஒரு கிறிஸ்தவ ஊரில், பைத்ரா–இப்போலிட்டஸ் என்ற கிரேக்கத் துயரக்கதையின் மாந்தர்களை வீட்டுத் தரையில் பதித்துவைக்கும் மனநிலை இருந்தது என்பதை நேரில் பார்க்கலாம். தெற்கே சற்றுத் தள்ளியிருக்கும் அப்போஸ்தலர் தேவாலயத்தில் 578ஆம் ஆண்டு மொசைக் உள்ளது. நடுவட்டத்தில் கடல் ஒரு பெண்ணாக அலைகளிலிருந்து எழுகிறாள், சுற்றிலும் மீன்கள். அதைப் பதித்த சலமானியோஸ் தன் பெயரையும் அதிலேயே எழுதிவைத்திருக்கிறார். நேரம் குறைவாக இருந்தால் பூங்காவை விரைந்து முடித்துவிட்டு அப்போஸ்தலர் தேவாலயத்தைப் பாருங்கள். அங்கே கூட்டம் இராது. பழுதுபார்க்கும் கலையைக் கற்பிக்கும் மொசைக் கல்வி நிறுவனமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1992இல் ஒரு பள்ளியாகத் தொடங்கியது.

பத்தரை, பத்தே முக்கால் மணிக்கு மாதபாவை விட்டுக் கிளம்பிவிடுங்கள். காலையுணவு சரியாக இல்லையென்றால் தேவாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் சூடான ரொட்டியும் ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடையும் கிடைக்கும், பொட்டலமாகக் கட்டிக்கொள்ளலாம்.

நேபோ மலை

மாதபாவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். நண்பகலுக்கு முன் வரச் சொல்வதற்குக் காரணம் சூரியன். காட்சி முழுவதும் மேற்கே இருப்பதால், முற்பகலில் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து எதிர்மலைகள்மேல் விழும்; பிற்பகலில் கண்ணைக் கூசும், பள்ளத்தாக்கும் புழுதியால் மங்கிவிடும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை கிடைத்தால் அதைவிட நல்ல நேரம் இல்லை.

வாசலிலிருந்து சற்று நடந்து முதலில் தேவாலயத்தைக் கடந்து, முனையிலுள்ள மேடைக்கே போய்விடுங்கள். மாதபாவில் கிழக்கைப் பார்த்து நின்றோம். இங்கே மேற்கைப் பார்த்து நிற்கிறோம். ஆகவே இடவலம் மாறிவிடும்: சவக்கடலின் வடமுனை இப்போது உங்கள் இடப்பக்கம், நதி வந்து சேரும் திசை வலப்பக்கம். வரைபடத்தை மனத்தில் முழுவட்டத்தில் பாதி திருப்பிக்கொண்டால் எல்லாம் பொருந்தும். நேரெதிரே, பழுப்பு நிலத்தின் நடுவே பச்சைத் திட்டாகத் தெரிவது எரிகோ. அதற்குப் பின்னால் எழும் மலைத்தொடரின் முகட்டில், வானம் தெளிந்திருந்தால், எருசலேமின் ஒலிவ மலைக் கோபுரங்கள் சிறு முட்களாகத் தெரியும். எந்தத் திசையில் எந்த ஊர் என்று அம்புக்குறியிட்ட பலகை ஒன்று மேடையில் இருக்கிறது.

கையில் வேதாகமம் இருந்தால் உபாகமம் 34ஆம் அதிகாரத்தை, கத்தோலிக்கர் வழக்கில் இணைச்சட்டம் 34ஐ, இங்கே நின்று வாசியுங்கள், பன்னிரண்டே வசனங்கள். கர்த்தர் மோசேக்குக் காட்டிய தேசத்தின் பட்டியலில் பேரீச்ச மரங்களின் பட்டணமாகிய எரிகோவும் சோவாரும் வருகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு முன் தரையில் பேரீச்ச மரங்களோடு பார்த்த அதே இரண்டு ஊர்கள். மோசே இந்த உச்சியிலிருந்து கண்டதையே மாதபாவின் கலைஞர் வரைந்தார் என்று கருதுவோரும் உண்டு. வாசித்துவிட்டு எதிரே பார்த்தால் அந்தக் கருத்தை எளிதில் தள்ள மனம் வராது. 120 வயதில் தேசத்தைக் கண்ணால் மட்டும் கண்டு, அதில் கால் வைக்காமலே மோசே இங்கே மரித்தார்; அவரை அடக்கம்பண்ணிய இடத்தை எவரும் அறியார் என்றே வேதம் சொல்கிறது. ஆகவே கல்லறை எங்கே என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இஸ்லாமியருக்கும் மூசா நபி பெருமதிப்புக்குரியவர் என்பதால் உங்கள் வண்டிக்காரரும் இந்த இடத்தில் அமைதியாக நிற்பதைப் பார்ப்பீர்கள். மேடையில் உயர்ந்து நிற்கும் இரும்புச் சிற்பம், எண்ணாகமம் 21இல் வரும் வெண்கலச் சர்ப்பத்தையும் சிலுவையையும் இணைத்து ஓர் இத்தாலியச் சிற்பி செய்தது.

பிறகு தேவாலயம். 1930களில் இந்த இடத்தை வாங்கி அகழத் தொடங்கிய பிரான்சிஸ்கன் துறவிகளே இன்றும் இதைக் காத்துவருகிறார்கள். நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2016இல் மறுபடி திறந்தார்கள். வடபுறம், தாழ்வான தளத்தில், கம்பித் தடுப்பிலிருந்து கீழே பார்க்கும்படி அமைந்திருக்கும் மொசைக்கே இங்கே தலையாயது. சுமார் 530இல் பதித்தது. சோயெல், கயூம், எலியாஸ் என்ற மூன்று கலைஞர்களின் பெயர்கள் அதில் உள்ளன. அந்த நூற்றாண்டின் இறுதியிலேயே தரையை உயர்த்தி இதன்மேல் வேறு தரை போட்டுவிட்டார்கள். 1976இல் மிக்கேலே பிச்சிரில்லோ என்ற பிரான்சிஸ்கன் அகழாய்வாளரின் குழு மேல்தரையை நீக்கிப் பார்த்தபோது, யார் கையும் படாமல், முகங்கள் அழிக்கப்படாமல் இது அடியில் கிடந்தது. 2008இல் மறைந்த பிச்சிரில்லோவை இந்த மலையிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நான்கு வரிசைகளையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். மேல் வரிசையில் மரத்தில் கட்டிய ஒரு மாடு; அதைக் காக்கச் சிங்கத்தோடு மோதும் மேய்ப்பன். அந்த மாட்டின் முதுகைக் கவனியுங்கள்: நம் ஊர்க் காளையைப் போலத் திமில் இருக்கிறது. ஜோர்தானின் மலையுச்சியில், ஆறாம் நூற்றாண்டுத் தரையில், திமில் வைத்த மாட்டைக் கண்டதும் என் கால் நின்றுவிட்டது. அடுத்த வரிசையில் குதிரை வீரர்கள் காட்டுப்பன்றியையும் கரடியையும் வேட்டையாடுகிறார்கள். மூன்றாவதில் மேய்ப்பன் மரத்தடியில் அமர்ந்திருக்க, ஆடுகள் தழை கடிக்கின்றன. கடைசியில் கயிற்றில் கட்டிய தீக்கோழி, வரிக்குதிரை, ஒட்டகமும் ஒட்டகச்சிவிங்கியும் கலந்தாற்போன்ற புள்ளி விலங்கு. பதித்தவர் அதை நேரில் பார்த்திராமல் கேள்விப்பட்டதை வைத்துச் செய்திருக்க வேண்டும். இங்கே பிளாஷ் போட்டுப் படமெடுக்காதீர்கள்.

நதிக்கு இறங்குதல்

நேபோவிலிருந்து கீழே போகும் சாலையில் முக்கால் மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். கடல் மட்டத்துக்கு மேல் 700 மீட்டருக்கும் கூடுதலான உயரத்திலிருந்து, கடல் மட்டத்துக்கும் கீழே ஏறக்குறைய 400 மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தாக்குக்கு. காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகும். வளைவுகள் மிகுதி என்பதால் வாந்தி வருபவர்கள் முன்னிருக்கையில் அமருங்கள். மேலே போர்த்தியிருந்த சால்வையைக் கீழே போவதற்குள் கழற்றிவிடுவீர்கள்.

அல்-மக்தஸுக்கு ஒரு மணிக்குள், தாமதமானால் இரண்டு மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும். சொந்த வண்டி உள்ளே போகாது. வரவேற்பு மையத்தில் சீட்டு வாங்கி, அவர்களது பேருந்தில், அவர்களது வழிகாட்டியோடுதான் போக முடியும். ஆள் சேரும்வரை காத்திருக்கவும் நேரும். 1967 போருக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் கண்ணிவெடி புதைத்த இராணுவப் பகுதியாக இருந்தது. 1994இல் ஜோர்தானும் இஸ்ரேலும் சமாதான உடன்படிக்கை செய்த பிறகே கண்ணிகளை அகற்றி அகழாய்வு நடத்தினார்கள். 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இப்போதும் குறித்த பாதையை விட்டு விலகாதீர்கள். எல்லைக் காவலர்களைப் படமெடுக்காதீர்கள்.

பேருந்திலிருந்து இறங்கி, புதர்களுக்கு நடுவே வெயிலில் நடந்தால் முதலில் வருவது பழைய தேவாலயங்களின் இடிபாடு: தூண்களைத் தாங்கிய அடித்தளக் கற்கள், நீரை நோக்கி இறங்கும் படிகள். ஆனால் படிகள் இறங்கும் இடத்தில் நதி இருக்காது. இதைக் கண்டு பலர் ஏமாற்றமடைகிறார்கள். யோர்தான் தன் போக்கை மாற்றிக்கொண்டு சற்று மேற்கே நகர்ந்துவிட்டது. யாத்திரிகர்கள் அந்தக் காலத்தில் இறங்கிய கரை இதுதான். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு யாத்திரிகர், பேரரசர் அனஸ்தாசியுஸ் இங்கே கட்டிய யோவான் தேவாலயத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். குழு அவசரப்படுத்தினாலும் நில்லுங்கள்.

அடுத்து நதி. கங்கையையோ காவிரியையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. மேலே பல இடங்களில் நீரைத் திருப்பி எடுத்துவிடுவதால், செம்மண் நிறத்தில், நாணலுக்கு நடுவே, சில மீட்டர் அகலமே உள்ள ஓடை அது. எதிர்க்கரையில், இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் உள்ள மேற்குக்கரைப் பகுதியில், கஸ்ர் அல்-யஹூத் என்ற இடத்தில் வேறொரு யாத்திரைக் கூட்டம் வெள்ளை அங்கியோடு நீரில் இறங்கிக்கொண்டிருக்கும். அவர்கள் பாடுவது இங்கே தெளிவாகக் கேட்கும். எல்லை நீரின் நடுவே போகிறது, கடக்க அனுமதியில்லை. காலையில் தரையில் படித்த இரண்டு பெயர்களும் இப்போது எதிரெதிரே: அக்கரையில் வரைபடத்தின் பெத்தாபரா, நீங்கள் நிற்கும் கரையில் சப்சபாஸ். யோவான் ஞானஸ்நானம் கொடுத்தது எந்தக் கரை என்ற வாதம் பழையது. ‘யோர்தானுக்கு அக்கரை’ என்று நற்செய்தி சொல்வது எருசலேம் பக்கமிருந்து பார்த்தால் கிழக்குக் கரையைத்தான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000இலும், பதினாறாம் பெனடிக்ட் 2009இலும், பிரான்சிஸ் 2014இலும் இந்தக் கரைக்கு வந்திருக்கிறார்கள்.

மரப்படிகளில் இறங்கிக் கால் நனைக்கலாம். படிகள் வழுக்கும், முதியவர்களைக் கைப்பிடித்து இறக்குங்கள். ஞானஸ்நானம் பெறவோ வாக்குறுதியைப் புதுப்பிக்கவோ வருபவர்கள் போதகருடன் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, மாற்றுடையும் துண்டும் எடுத்துவருவது நல்லது. கரையில் பொன்னிறக் குவிமாடத்தோடு ஆர்த்தடாக்ஸ் சபையின் புனித யோவான் தேவாலயம் இருக்கிறது. 2025 ஜனவரியில் அர்ப்பணிக்கப்பட்ட கத்தோலிக்கத் தேவாலயமும் இவ்வளாகத்தில் உண்டு. எலியா அக்கினி ரதத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட இடமாகப் போற்றப்படும் எலியா குன்றும் இதே பகுதியில்தான். எல்லாச் சுற்றுகளும் அங்கே நிற்பதில்லை, ஏறும்போதே வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.

திரும்பும் வழி

மூன்றரை மணிக்கு முடிந்துவிட்டால் சவக்கடல் கரை பக்கந்தான். கடலில் மிதக்க விரும்புவோர் முந்தின நாளே முகச்சவரம் செய்துகொள்ளுங்கள். சிறு கீறலிலும் உப்பு எரியும். மல்லாந்து மட்டும் மிதக்க வேண்டும், கண்ணில் நீர் படக்கூடாது, நன்னீர்க் குளியல் உள்ள இடமாகப் பார்த்து இறங்க வேண்டும். அங்கிருந்து அம்மானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இரண்டாவது நாள் கிடைத்தால் மாதபாவுக்குத் தென்கிழக்கே உள்ள உம் அர்-ரசாஸுக்குப் போகலாம். இஸ்லாமிய ஆட்சி நிலைபெற்ற 8ஆம் நூற்றாண்டிலும் கிறிஸ்தவர்கள் மொசைக் பதித்துக்கொண்டிருந்ததை அங்குள்ள புனித ஸ்தேவான் தேவாலயத்தில் காணலாம். யோவான் ஸ்நானகன் சிறையிருந்து கொல்லப்பட்டதாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிய மகேருஸ் கோட்டை தென்மேற்கே இருக்கிறது. இரண்டையும் அந்த ஒரு நாளுக்குள் திணிக்க வேண்டாம்.

யோர்தான் தண்ணீரை ஊருக்குக் கொண்டுபோக விரும்புவோர் இறுக மூடும் பிளாஸ்டிக் பாட்டிலை அம்மானிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அந்த நீர் குடிப்பதற்கு உகந்ததன்று. வீட்டில் யாருக்காவது கொடுக்கும்போது இதைச் சொல்லியே கொடுங்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பாலித்தீன் பைகளுக்குள் போட்டு, நடுவில் துணி வைத்துப் பெட்டியில் அடுக்குங்கள். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் செம்மண் அடியில் படிந்து மேல்நீர் தெளிந்துவிடும்.